விலங்கு மாட்டிய வாய்

சைரன் அலறியது...!

காலை பதினொன்றே கால். இரும்புக் குழாய் மூட்டுகள் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் தொண்ணூற்றாறு பேர் போட்டது போட்டபடி வெளியே ஓடினார்கள்.

ஒருத்தி மட்டும் ஓடவில்லை.

மூன்றாம் நம்பர் லேத் மெஷின் முன்னால் நின்று நிதானமாக இரும்பைச் சீவிக் கொண்டிருந்தாள்.

காரணம் எளிது. அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பின்னால் யாராவது வந்தால் தெரிய வேண்டுமே என்று, உடைந்த ஸ்கூட்டர் ஒன்றின் பக்கக் கண்ணாடியைக் கழற்றி மெஷின் தலையில் முறுக்கி வைத்திருந்தாள். அதனால் தொழிற்சாலையில் அவளுக்குப் பெயர் 'கண்ணாடிக்காரி'.

ஐந்தே நிமிடம்.

"தீ ஒத்திகைதானா? நல்லா ஓட விட்டாங்கப்பா!" என்று சிரித்தபடி திரும்பிய கூட்டம், உள்ளே கால் வைத்ததும்...

"ஐயையோ!"

தூணடியில் ஒரு மனிதர். மண்டை பிளந்து கிடந்தார். பக்கத்தில் ரத்தம் தோய்ந்த பைப் ரெஞ்சு. அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு கைகளும் சிவக்க உட்கார்ந்திருந்தாள் கண்ணாடிக்காரி!

செத்தவர் அரசாங்க ஆய்வு அதிகாரி. நூறு பேர் வேலை செய்யும் இடத்தில் ஊனமுற்றவர்கள் நாலு பேருக்காவது வேலை தர வேண்டும், அவர்களுக்கேற்ற வசதியும் செய்துதர வேண்டும் என்ற சட்டம் நடக்கிறதா என்று பார்க்க வந்தவர். ஒத்திகை கேட்டதே அவர்தான். சைரன் அடித்தால், காது கேளாதவர்களுக்காகத் தூணுக்குத் தூண் மாட்டிய சிவப்பு விளக்கும் மின்ன வேண்டும். மின்னுகிறதா?

அதைப் பார்க்க வந்தவர், மேலுலகம் பார்க்கப் போய்விட்டார்.

இருபதாவது நிமிடம் இன்ஸ்பெக்டர் வந்தார். முதலில் தொப்பை வந்தது. பிறகு அவர்.

"கையும் களவுமா புடிச்சாச்சு சார்!" கான்ஸ்டபிள் மார்தட்டினான். "மதிய சாப்பாட்டுக்குள்ள கேஸ் முடிஞ்சிடும்."

கண்ணாடிக்காரியின் கைகள் முதுகுக்குப் பின்னால் விலங்கில் இருந்தன. தோள்கள் துடித்தன. தொண்டையிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்து, வந்த வழியே திரும்பியது.

"என்னய்யா சொல்றாங்க?"

"ஒண்ணும் சொல்லலை சார். ஊமை."

"எப்படிய்யா சொல்லுவாங்க? வாய்க்குப் பூட்டுப் போட்டுட்டு, சாவியை நீ இடுப்புல வெச்சிருக்கே!"

"கையிலதானே சார் மாட்டினேன்?"

"அவங்களுக்கு அதான்யா வாய்! போன மாசம் சர்க்குலர் வந்துதே, படிச்சியா?"

"இல்ல சார். நீங்க?"

"ஆடற மேஜைக்கு முட்டுக் குடுத்திருந்தேன். மேஜை உடைஞ்சப்புறம் படிச்சேன். அவுருய்யா!"

விலங்கு கழன்றது. விடுபட்ட கைகள் காற்றில் பறந்தன... வேகமாக... ஆவேசமாக.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

"இதுக்குத்தான் சார் நான் அப்பவே வேண்டாம்னேன்!" முதலாளி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "நூத்துக்கு நாலு குடு, நூத்துக்கு நாலு குடுன்னு சட்டம் போட்டுட்டாங்க. குடுத்தேன். கொலை விழுந்துடுச்சு! இனிமே இந்த மாதிரி ஆள் ஒருத்தருக்கும் என் கேட்டுக்குள்ள இடமில்ல. இந்தச் சட்டமே வேண்டாம்னு நாளைக்கே கோர்ட்டுக்குப் போறேன்."

"போங்க. நாலுல ஒண்ணு இவங்க. மத்த மூணு பேர் எங்கே?"

"லீவு சார்" என்று முன்னால் வந்தார் மேனேஜர். மடிப்புக் கலையாத சட்டை. மடிப்புக் கலையாத முகம். "அவங்களும் காது கேட்காதவங்கதான்."

"மூணு பேருமா? ஒரே நாள்லயா?"

"ஒரே வீட்டுக் கல்யாணம் சார்."

"பொண்ணு, மாப்பிள்ளை, புரோக்கரா?"

மேனேஜர் சிரிக்கவில்லை. "சைகை மொழி எனக்குத் தெரியும் சார். அரசாங்கச் செலவிலேயே கத்துக்கிட்டேன். இங்கே தெரிஞ்ச ஒரே ஆள் நான்தான். இவ சொல்றதை நான் சொல்றேன்."

"எழுதிக் காட்ட மாட்டாங்களா?"

"பள்ளிக்கூடம் பக்கமே போகாதவ சார்."

"அப்போ நீங்கதான் கதி." இன்ஸ்பெக்டர் செல்போனை எடுத்தார். "ரெண்டு நிமிஷம். மத்தியானம் வரமாட்டேன்னு வீட்டுக்காரிகிட்ட சொல்லிடறேன். சொல்லலைன்னா இங்கே ரெண்டாவது கொலை விழும்."

ஜன்னலோரம் போய் முணுமுணுத்தார். திரும்பி வந்து செல்போனைச் சட்டைப் பாக்கெட்டில் சொருகினார். நாற்காலியை இழுத்து இருவருக்கும் நேர் எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"கொஞ்சம் வெளிச்சத்துக்கு வாங்க மேனேஜர். ரெண்டு பேரும். ம்... அங்கேயே நில்லுங்க. என்ன நடந்துதுன்னு கேளுங்க."

மேனேஜரின் கைகள் அசைந்தன. நெஞ்சைத் தொட்டார். அவள் கண்ணைக் காட்டினார். பிறகு முழங்கால் உயரத்தில் உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டினார்.

அவள் முகம் வெளிறியது.

"அது என்ன, முழங்கால்கிட்ட?"

"சின்ன வயசிலேர்ந்தே நீ கோவக்காரியான்னு கேட்டேன் சார்."

அவள் பதில் சொன்னாள். தூணைக் காட்டினாள். விளக்கைக் காட்டினாள். எதையோ திருகித் திறப்பது போல் செய்தாள். மெஷின் தலையிலிருந்த கண்ணாடியைக் காட்டினாள். கடைசியில்... விரல் மேனேஜரின் நெஞ்சுக்கு நேராக நீண்டது!

ஒரு முழு நிமிடம்.

"நான்தான் அடிச்சேன்னு ஒத்துக்கறா சார்."

"இவ்வளவு நேரம் கையை ஆட்டினது அந்த ரெண்டு வார்த்தைக்கா?"

"இழுத்துப் பேசுவா சார்."

"கண்ணாடியைக் காட்டினாங்களே?"

"அதுல தன் மூஞ்சியைப் பார்க்கவே வெட்கமா இருக்காம். குற்ற உணர்ச்சி."

"உங்களைக் காட்டினாங்க?"

"வேலை வாங்கிக் குடுத்த உங்களுக்குத் துரோகம் பண்ணிட்டேனேன்னு அழறா." மேனேஜர் கண்ணைத் துடைத்துக் கொண்டார். "விளக்கு நல்லா மின்னிச்சு சார், நானே பார்த்தேன். வெளியே போகாம வேணும்னே நின்னுருக்கா. வேலைக்கு லாயக்கில்லைன்னு அதிகாரி எழுதிடுவாரோன்னு பயம். அடிச்சுட்டா."

"அப்போ கேஸ் முடிஞ்சுதுங்கறீங்க?"

"முடிஞ்சுது சார்."

கான்ஸ்டபிள் விலங்கை எடுத்தான். கண்ணாடிக்காரி இரண்டடி பின்வாங்கிக் கைகளை மார்போடு இறுக்கிக் கொண்டாள். பறிக்க வருகிறவனிடமிருந்து குழந்தையை மறைப்பவள் போல.

இன்ஸ்பெக்டர் குனிந்து தன் பாக்கெட்டைப் பார்த்தார்.

"ஏம்மா... முடிஞ்சுதா?"

"இப்பதான் சார் ஆரம்பிக்குது!"

பேசியது பாக்கெட்!

மேனேஜரின் முகம் முதல் தடவையாக மடிப்புக் கலைந்தது.

பாக்கெட்டுக்கு மேலே கண் காட்டிக்கொண்டிருந்த செல்போனை இன்ஸ்பெக்டர் உருவித் திருப்பினார். திரையில் ஓர் இளம்பெண். காதில் ஹெட்போன். சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"அரசாங்க சைகை மொழி உதவி மையம்" என்றார் இன்ஸ்பெக்டர். "அந்தச் சர்க்குலரோட கடைசி வரியில நம்பர் இருந்துது. பாதிக் கரையான் அரிச்சிருந்தாலும் நம்பர் தப்பிச்சுடுச்சு. சொல்லும்மா, அவங்க என்ன சொன்னாங்க?"

"விளக்கு மின்னவே இல்லையாம் சார். அதிகாரி அதைத் திருகித் திறந்து பார்த்திருக்கார். உள்ளே ஒயரே இல்ல. மத்த மூணு பேர் எங்கேன்னு இவங்ககிட்ட சைகையில கேட்டிருக்கார். அப்படி யாருமே இங்கே கிடையாது, நான் ஒருத்திதான்னு இவங்க சொல்லியிருக்காங்க. திரும்பி மெஷின்கிட்ட போனதும், மேனேஜர் ரெஞ்சை ஓங்கினதைக் கண்ணாடியில பார்த்தாங்களாம். ஓடி வர்றதுக்குள்ள..."

கான்ஸ்டபிள் தூணில் ஏறி விளக்கைத் திருகினான். சிவப்பு மூடி கழன்றது. உள்ளே வெறும் காற்று.

"பொய்!" மேனேஜர் கத்தினார். "கொலைகாரி ஆயிரம் சொல்லுவா! என் மேல என்ன சாட்சி இருக்கு?"

"நீங்கதான் சார் சாட்சி" என்றது செல்போன். "'நான் அடிச்சதை நீ பார்த்துட்டே. பழியை ஒத்துக்கோ. இல்லைன்னா உன் குழந்தையை உயிரோட பார்க்க மாட்டே'ன்னு சைகையில சொன்னீங்க. முழங்கால் உயரம்னா குழந்தை. எல்லாம் பதிவாகியிருக்கு."

மேனேஜர் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக் கொண்டார்.

"உங்களைத் தவிர ஒருத்தனுக்கும் புரியாதுன்னு, போலீஸ் முன்னாடியே கொலையை ஒத்துக்கிட்டீங்களே மேனேஜர்!" இன்ஸ்பெக்டர் எழுந்தார். "இவ்வளவு நல்லா வாக்குமூலம் குடுத்த ஆளை என் சர்வீஸ்ல பார்த்ததில்ல."

மேனேஜர் வாசலைப் பார்த்தார். வாசலில் தொண்ணூறு பேருக்கு மேல் நின்றார்கள். இந்தத் தடவை யாரும் ஓடவில்லை.

விலங்கு சரியான கைகளில் விழுந்தது.

முதலாளி கைக்குட்டையைப் பிழிந்தார். "சார்... மூணு பேர் விஷயம் சத்தியமா எனக்குத் தெரியாது. அவங்க சம்பளம், விளக்குப் பணம் எல்லாத்தையும் இவன்தான்..."

"கோர்ட்டுக்குப் போறேன்னீங்களே? வண்டியில இடமிருக்கு, வர்றீங்களா?"

"வேண்டாம் சார்! அந்தம்மா நாளைக்கே வேலைக்கு வரட்டும். மத்த மூணு இடத்துக்கும் நிஜமான ஆள் எடுத்துடறேன்."

"விளக்குக்கு ஒயரும் போட்டுடுங்க."

கண்ணாடிக்காரி மெல்ல நடந்து மேனேஜருக்கு நேர் எதிரே வந்து நின்றாள். கைகளைத் தூக்கினாள். சைகை புறப்பட்டது... விரல் விரலாக, மூச்சு விடாமல், ஒன்றரை நிமிடம்! விலங்கு மாட்டிய மேனேஜருக்குக் காது நுனிவரை சிவந்தது.

"ஏம்மா, இப்போ என்ன சொல்றாங்க?" இன்ஸ்பெக்டர் செல்போனை அவள் பக்கம் நீட்டினார். "வார்த்தை விடாம சொல்லு. எழுதிக்கணும்."

சக்கர நாற்காலிப் பெண் வாயைப் பொத்திக் கொண்டாள்.

"சார்... அதே நூத்துக்கு நாலு சட்டத்துல, நாலு வருஷம் காத்திருந்து கிடைச்ச அரசாங்க வேலை. அவங்க சொன்னதை அப்படியே மொழிபெயர்த்தா இன்னிக்கே போயிடும்!"