அடியில் வாங்கும் கை

கீழே காத்திருந்த இடக்கை பிடிப்பதற்குள் ஊசி மேலே வந்துவிட்டது.

போஸ்ட்டக்கா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முப்பது வருஷம் தபால் பிரித்து மரத்துப்போன விரல்கள். கை தன் பாட்டுக்கு வேலையைச் செய்துவிட்டு மனசுக்குச் சொல்ல மறந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

தேவாலயத்தை ஒட்டிய கூடத்தில், கட்டில் அகலத்துக்கு ஒரு மரச்சட்டம். யார் யாரோ கொடுத்த பழந்துணிகளைத் துண்டு துண்டாக இணைத்து, நடுவில் பஞ்சு வைத்து, அதில் இழுத்துக் கட்டியிருந்தார்கள். வலக்கை மேலிருந்து ஊசியைக் குத்தி இறக்கவேண்டும். இடக்கை அடியில் அதை வாங்கித் திருப்பி மேலே அனுப்பவேண்டும். ஏழைகளுக்குப் போர்வை தைக்கும் குழுவில் எட்டுப் பெண்கள். இன்றைக்கு ஏழு பேர், முடிந்த போர்வைகளை வேனில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள்.

"நாலரைக்குள்ள இதையும் முடிச்சிடுவீங்களா அக்கா?" என்று கிளம்பும்போது கேட்டிருந்தாள் குழுவை நடத்தும் டீச்சர். "இதை வாங்கப்போறவளுக்குத் தீ விபத்துல எல்லாமே போயிடுச்சு. பிறந்து ஒன்பது நாள் குழந்தை. பேப்பரை விரிச்சுப் படுக்க வெச்சிருக்கா."

"நீங்க போயிட்டு வாங்க. வீட்டுல உட்கார்ந்து விடுற கொட்டாவியை இங்க விடப்போறேன், அவ்வளவுதானே."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. வீட்டுக்காரர் போய் இரண்டு வருஷம். பூட்டிய கதவைப் பார்த்து "வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் இப்போதும் வெளியே கிளம்புகிறாள்.

மறுபடியும் குத்தினாள். மறுபடியும் கைக்குச் சிக்காமல் ஊசி மேலே வந்தது.

இந்த முறை இடக்கையை வெளியே எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வெளியே மழை தகரக் கூரையில் அரிசி களைவதுபோல இரைந்தது; மெழுகும் ஈரத்துணியும் கலந்த வாடைக்குள், வெகுநாள் திறக்காத அலமாரியைத் திறந்ததுபோல் இன்னொரு வாடையும் மெல்ல எழுந்துகொண்டிருந்தது. ஊசியைக் குத்தி விட்டுவிட்டாள். அது துணிக்குள் போய் மறைந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். நூல் விறைத்தது. ஊசி முனை எட்டிப் பார்த்தது. காது தெரியும்வரை நிதானமாக ஏறி வந்து நின்றது.

குனிந்து பார்த்தாள். சட்டத்தின் நான்கு கால்கள். அவளுடைய செருப்பு. சிமெண்டுத் தரை. வேறு எதுவுமில்லை.

வேறு யாராக இருந்தாலும் அந்தக் கணமே ஓடியிருப்பார்கள். அவள் ஓடவில்லை. இரண்டு வருஷமாக ஒரு தம்ளர் தண்ணீரைக்கூட யாரும் அவள் கையில் எடுத்துக் கொடுத்ததில்லை. கொடுத்தால் வாங்கிக்கொள்ளவும், வாங்கியதைத் திருப்பித் தரவும் இப்போது ஓர் ஆள். குத்தினாள், வந்தது. குத்தினாள், வந்தது. ஒரு வரிசை முடிந்தது. வெட்கக்கேடுதான், ஆனால் அவளுக்கு அது பிடித்திருந்தது.

"கொஞ்சம் மெதுவா," என்றாள், பழக்கதோஷத்தில்.

ஊசி மெதுவாக வந்தது.

அப்போதுதான் பிடரி மயிர் சிலிர்த்தது. அதற்குக் காது கேட்கிறது.

கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். விரலில் சுற்றியிருந்த நூல் விடவில்லை. அடியிலிருந்து இழுக்க இழுக்க, அவள் விரல் துணியோடு ஒட்டிக்கொண்டது. அந்த இடம் வெதுவெதுப்பாக இருந்தது. மேடிட்டது. தாழ்ந்தது. மூச்சு. இதன்மேல்தான் ஒன்பது நாள் குழந்தை படுக்கப்போகிறது.

கத்தரியை எடுத்து நூலை வெட்டினாள். அடியில் யாரோ "ச்சு" கொட்டினார்கள்.

வாசலில் வேன் வந்து நின்றது. "முடிஞ்சுதா அக்கா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தாள் டீச்சர்.

சொன்னால் யார் நம்புவார்கள்? கிழவிக்குத் தனியா இருந்து இருந்து புத்தி கலங்கிடுச்சு என்பார்கள்.

"இல்ல டீச்சர். பஞ்சு நனைஞ்சுபோச்சு, குழந்தைக்கு ஆகாது. இதை நான் எடுத்துட்டுப் போய்ப் பிரிச்சுடறேன். இப்போதைக்கு நான் போத்தியிருக்கிற கம்பளியைக் குடுங்க அவளுக்கு."

"நல்லாத்தானே இருக்கு?" போர்வையைத் தொடக் கை நீட்டினாள் டீச்சர்.

"தொடாதீங்க!"

அவள் போட்ட சத்தத்தில் டீச்சர் இரண்டடி பின்வாங்கினாள். முகம் சுருங்கியது. கம்பளியை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அடுத்த வாரம் கூப்பிடமாட்டார்கள் என்று போஸ்ட்டக்காவுக்குப் புரிந்தது. போகட்டும். குழந்தை தப்பித்தது.

கொல்லையில் போட்டுக் கொளுத்திவிடலாம் என்றுதான் போர்வையை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். மழை விட்டபாடில்லை. தகர டிரம்மில் திணித்து, மூடியைப் போட்டு, மேலே அம்மிக்கல் கனத்துக்கு ஒரு கல்லைத் தூக்கி வைத்தாள். கதவைத் தாழிட்டாள். முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவினாள். விளக்கு வைக்கும் நேரம். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இடக்கையை மெத்தையில் ஊன்றிக்கொண்டு, மூச்சு சீராகக் காத்திருந்தாள்.

வீடு அமைதியாக இருந்தது. ஆனால் காலியாக இல்லை.

டக்.

ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில், மெத்தையைத் துளைத்துக்கொண்டு ஓர் ஊசி முனை. காது தெரியும்வரை ஏறியது. நின்றது. அவள் வாங்கித் திருப்பி அனுப்புவதற்காகக் காத்திருந்தது.

அவள் தொடவில்லை.

டக். சுண்டுவிரல் பக்கம் இன்னொன்று.

டக். டக்.

எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. உடுப்பின் ஓரம் முழுக்க, பொடிப் பொடியாக, மெத்தையோடு சேர்த்துத் தையல்.

கூப்பிட ஆளில்லை.

விரிப்புக்கு அடியில் ஏதோ தட்டையாக நகர்ந்து வந்தது. அவசரமில்லாமல். அவள் உள்ளங்கைக்கு நேர் கீழே வந்து நின்றது. தன் உள்ளங்கையை அதோடு பொருத்தியது. கட்டைவிரலுக்குக் கட்டைவிரல். ஆள்காட்டி விரலுக்கு ஆள்காட்டி விரல். நடுவிரல். மோதிரவிரல். சுண்டுவிரல்.

அதற்குப் பிறகும் விரல்கள் வந்துகொண்டே இருந்தன.