மூக்கன் கரட்டின் தொண்டை

வின்சென்ட் மல்லாந்து கிடந்தான்.

பின்மண்டை பிளந்திருந்தது. மீசையில், சட்டையில், அருகிலிருந்த பாறையில்... எங்கும் மஞ்சள் தூள். கந்தக நெடி!

கூடலூரை அடுத்த மூக்கன் கரட்டின் உச்சி அது. பல கோடி ஆண்டுகளுக்கு முன் அவிந்த எரிமலை. அதன் உடலை மழையும் காற்றும் அரித்துத் தின்றுவிட, உள்ளே இறுகிய நெருப்புக் குழம்பு மட்டும் கருங்கல் தூண்களாய் எஞ்சி நிற்கிறது. அந்த மலை செத்துவிட்டது என்று அறிக்கை எழுதவே நிலவியலாளன் வின்சென்ட் ஏறினான்.

இறங்கவில்லை.

"கரடு முழிச்சிருச்சு. வெசக்காத்து ஆளை மயக்கித் தள்ளிருச்சு" என்றார், உடலை முதலில் கண்ட ராஜபாண்டி. அடிவாரத் திராட்சைத் தோட்டத்தின் சொந்தக்காரர்.

அவ்வளவுதான். ஊர் நடுங்கியது! அன்று நண்பகலில் அவருடைய மோட்டார் ரூமுக்குப் பின்னால், பாறை வெடிப்பிலிருந்து ஒரு முனகல் எழுந்ததைத் தோட்டத்துப் பெண்கள் கேட்டிருந்தார்கள். மலை முனகுகிறது! மூட்டை முடிச்சுகள் ஜீப்புகளில் ஏறின.

அச்சம்! அறிவைக் கொல்ல அதைவிட மலிவான ஆயுதம் எந்தக் கடையில் கிடைக்கிறது? எவனோ ஒருவன் வாங்கினான். ஊரே விலை கொடுத்தது!

மறுநாள் காலை வின்சென்ட்டின் தங்கை ஜெசி வந்தாள். மதுரைக் கல்லூரியில் நிலவியல் கற்பிப்பவள். இன்ஸ்பெக்டர் மெகருன்னிசாவுடன் அந்த வெடிப்பை ஆராய்ந்தாள். முனகலைப் பற்றிப் பெண்களிடம் விசாரித்தாள். பிறகு இன்ஸ்பெக்டரின் காதில் ஏதோ சொன்னாள். இன்ஸ்பெக்டர் மோட்டார் ரூமிலேயே தங்கிவிட்டார்.

ஜெசி கரட்டில் ஏறினாள். வழிகாட்ட முன்வந்தவர்... ராஜபாண்டி!

உச்சியில், இரண்டு கருந்தூண்களுக்கு நடுவே ஓர் இருண்ட பிளவு. ஜெசி மண்டியிட்டாள். பாறையின் மேற்கு முகத்தில் மட்டும் மஞ்சள். பிளவுக்குள்ளே விரல் விட்டாள்.

சுத்தம்.

"என்ன தங்கச்சி பாக்குற?"

"அண்ணே, எரிமலை கக்குனா உள்ளயிருந்துதான கக்கும்? இங்கன உள்ள ஒண்ணுமில்ல. மேக்கேயிருந்து அடிக்கிற காத்துக்கு முதுகைக் காட்டி நின்னு, யாரோ வெளியயிருந்து தட்டியிருக்காக."

"தட்டியிருக்காகளா?"

"திராட்சைக் கொடிக்குச் சாம்பல் நோய் வந்தா, கந்தகத்தை மெல்லிசுத் துணியில கட்டித் தட்டுவீகள்ல? கைப்பழக்கம் போகலண்ணே. துணியோட இழைகூட இந்தக் கல்லுல பதிஞ்சிருக்கு."

ஜெசி திரும்பினாள். வின்சென்ட் பாறை உடைக்கக் கொண்டுபோன, பிறகு காணாமற்போன சுத்தியல், ராஜபாண்டியின் கையில்!

ஏறி வந்த பாதையில் ஒருவரையும் காணோம். பின்னால் பிளவு, முன்னால் கொலைகாரன். ஆனாலும் அவள் குரலை உயர்த்தினாள். தாழ்த்தக்கூடாது... இப்போது தாழ்த்தவே கூடாது!

"எங்கண்ணனை ஏன்ணே கொன்னீக?"

"இது கப்பல் ஏறுற கருங்கல்லு. ஊரு இருக்கிற வரைக்கும் குவாரிக்கு விடமாட்டாக. மலை முழிச்சிருச்சுன்னா அவுகளே ஓடிருவாக. உங்கண்ணன், செத்த மலைன்னுதான் எழுதுவேன்னான். சொல்லிப் பாத்தேன், கேக்கல. மண்டையில ஒண்ணு போட்டேன்." சுத்தியல் உயர்ந்தது. "இன்னைக்கு நீ. பொழுது சாயறதுக்குள்ள ஊரு காலியாயிரும்."

"அந்த முனகல்?" அவள் பிளவை ஒட்டி நகர்ந்தாள். "அது உங்க வேலை இல்லையே?"

ராஜபாண்டி முதல்முறையாகத் தயங்கினான். "அது... எனக்கும் வெளங்கல."

"எங்கண்ணனோட கடைசிக் குரல் அது. இது எரிமலையோட தொண்டை. இந்த வெடிப்பு உங்க மோட்டார் ரூம் வரைக்கும் ஓடுது. இங்கன பேசுனா..."

அவன் கை அந்தரத்தில் நின்றது.

பிளவின் ஆழத்திலிருந்து, கல்லே கனைத்தாற்போல், ஒரு குரல் கரகரவென்று ஏறி வந்தது. ராஜபாண்டியின் மயிர்க்கால்கள் குத்திட்டன. சுத்தியல் நழுவிப் பாறையில் உருண்டது. மலையைக் காட்டி ஊரை மிரட்டியவன், மலைக்கு மிரண்டு முழங்காலிட்டான்!

"ராஜபாண்டி அண்ணே, இன்ஸ்பெக்டர் மெகருன்னிசா பேசுறேன். மலை முழிச்சிருச்சுன்னு ஊரு பூராம் சொன்னீகள்ல? வாஸ்தவந்தான். நீங்க சொன்னது அம்புட்டையும் முழிச்சிருந்து கேட்டுச்சு. இப்ப மெதுவாத் திரும்பிப் பாருங்க... தூணுக்குப் பின்னாடி, மறுபக்கமா ஏறி வந்த எங்க கான்ஸ்டபிள் ரெண்டு பேரும் முழிச்சுக்கிட்டுத்தான் நிக்கிறாக!"