மூன்றில் நின்ற எண்ணிக்கை

பிரசவ மருத்துவமனையின் பதிவறை பின்பக்கம், ஜன்னலே இல்லாமல் இருந்தது. உள்ளே நுழைந்ததும் பினாயிலும் ஈரக் காகிதமும் கலந்த நெடி அவள் மூக்கில் ஏறியது. பழைய கம்ப்யூட்டரில் புது டிஸ்க் போட்டு நேற்றே லினக்ஸ் என்ற புது சிஸ்டத்தை ஏற்றிவிட்டாள். ஆனால் மெஷின் தானாக எழ மறுக்கிறதாம். இன்றைக்குள் எழுந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால், வீட்டின் முதல் பட்டதாரியான அவளும் அப்பாவோடு மூட்டை தூக்கப் போக வேண்டியதுதான்.

ஆன் செய்தாள். கறுப்புத் திரையில் இரண்டு வரிகள். மேலே லினக்ஸ், கீழே பழைய டிஸ்க்கில் இருக்கும் பழைய சிஸ்டம். ஐந்து விநாடி எண்ணி, மேல்வரியைத் தானே திறக்க வேண்டும்.

ஐந்து. நான்கு. மூன்று.

நின்றுவிட்டது.

யாராவது ஒரு விசையைத் தொட்டால்தான் அது நிற்கும்.

“சிஸ்டர், கீபோர்டைத் தொட்டீங்களா?”

“எனக்கு வேற பொழப்பில்லையா?” வாசலில் நின்ற நர்ஸ் சீறினாள். “இங்கேருந்து தொட என் கை என்ன பத்தடி நீளமா?”

மெஷினை எழுப்பும் பூட்லோடரை முதலிலிருந்து எழுதிப் பார்த்தாள். மறுபடி மூன்று. விசைதான் சிக்கியிருக்கும் என்று கீபோர்டையே பிடுங்கி மேசையில் வைத்தாள்.

மூன்று.

வெளிச்சப் பட்டை மெல்லக் கீழ்வரிக்கு இறங்கியது.

கழற்றிப் போட்ட கீபோர்டில், கீழ் அம்பு விசை அமுங்கியே இருந்தது.

நர்ஸின் குரல் தாழ்ந்தது. “முன்னாடி பதிவு எழுதின கண்ணாடிக்கா உக்காந்த இடம்மா இது. ஒரு குழந்தை செத்த நேரத்தை மாத்தி எழுதச் சொன்னாங்க. மாட்டேன்னுட்டாங்க. மறுநாளே படியில விழுந்து செத்துப் போயிட்டாங்க.”

“மாத்தச் சொன்னது யாரு?”

நர்ஸ் சட்டென்று வாசலை விட்டு விலகினாள். மேனேஜர் உள்ளே வந்துகொண்டிருந்தார்.

“இன்னுமா உருட்டிக்கிட்டு இருக்கே? பழைய டிஸ்க்கைக் கழட்டி உடைச்சுப் போடு.”

“அதுல என்ன சார் இருக்கு?”

“குப்பை.”

“குப்பையைத் தூக்கிப் போட்டாப் போதாதா? எதுக்கு உடைக்கணும்?”

“படிச்ச திமிரா?” கையிலிருந்த காகிதத்தை ஆட்டினார். “வேலை ஆர்டர் வேணுமா, வேணாமா?”

பல்லைக் கடித்துக்கொண்டு டிஸ்க்கைக் கழற்றினாள். கீபோர்டை மாட்டி, மெனுவிலிருந்து கீழ்வரியை நீக்கினாள். இந்த முறை எந்த விசையும் முரண்டு பிடிக்கவில்லை. அதுதான் அவளுக்கு உதைத்தது.

மூன்று. இரண்டு. ஒன்று.

லினக்ஸ் எழுந்தது.

“அவ்வளவுதான்!” மேனேஜர் பேனாவை நீட்டினார். “டிஸ்க்கை இப்படிக் குடுத்துட்டு, கையெழுத்தைப் போடு.”

அவள் அசையவில்லை.

ஒயர் இல்லை, மின்சாரம் இல்லை. ஆனாலும் அவள் உள்ளங்கையில் அந்த டிஸ்க் சுழலத் தொடங்கியிருந்தது. முதலில் லேசான நடுக்கம். பிறகு சூடு. பிறகு, எதையோ பதியும்போது வருமே, அந்தக் கறகற சத்தம்.

“என்னம்மா அது?” மேனேஜரின் முகம் வெளிறியது.

டிஸ்க்கை இரு கைகளாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“ஆர்டரை நீங்களே வச்சுக்குங்க சார்,” என்றாள். “அக்கா எழுதிக்கிட்டு இருக்காங்க.”