இடைவெளியில் வரும் ரயில்

சத்தமே அனுப்பாதபோது பொத்தானை ஏன் அழுத்துகிறார்கள்? மலர்விழிக்குப் புரியவில்லை.

விழுப்புரத்தில் அந்த மருத்துவமனையின் காது சோதனை அறை, இரட்டைச் சுவர் வைத்த ஒரு பெட்டி. உள்ளே நோயாளி, கண்ணாடிக்கு வெளியே மலர்விழி. ஹெட்போனில் சத்தம் கேட்டால் நோயாளி பொத்தானை அழுத்துவார், வெளியே பச்சை விளக்கு எரியும். நடுநடுவே அவள் வேண்டுமென்றே எதையும் அனுப்பமாட்டாள். அந்த இடைவெளி ஒரு பொறி. அப்போதும் அழுத்துகிறவரின் சோதனை செல்லாது.

அன்று உள்ளே இருந்தவர் கண்டாச்சிபுரத்து மாசிலாமணி. இருபது வருடக் கல்குவாரி வெடியில் காதைத் தொலைத்தவர். மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காக மூன்றாவது முறையாக வந்திருக்கிறார். பெரிய சத்தத்துக்கும் அவர் அசையவில்லை. மலர்விழி இடைவெளி விட்டாள்.

விளக்கு எரிந்தது.

கதவைத் திறந்து அவர் காதருகே கத்தினாள். "எதுக்குங்க அமுக்குனீங்க? நான் ஒண்ணும் வைக்கலையே!"

"ரயிலு வருதேம்மா." கிழவர் முகமெல்லாம் சிரிப்பு. "ஊதிக்கினே வருது. எத்தினி வருசமாச்சி ரயிலு சத்தம் கேட்டு!"

அந்த வாரத்தில் ரயில் கேட்ட நான்காவது ஆள் அவர்.

"டேசன் சத்தமா இருக்கும்க்கா," என்றாள் உதவியாளர் கவிதா.

"கதவ சாத்துனா நீ கத்துறதே உள்ள கேக்காது."

"அப்ப நீ உள்ள போ. உன்ன ஆசை தீர திட்டிக்கிறேன்."

மலர்விழி மாசிலாமணியை வெளியே உட்காரவைத்துவிட்டு, ஒலி அளக்கும் மீட்டரோடு உள்ளே போய், ஹெட்போனை மாட்டிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

முதலில் தன் ரத்தம் ஓடும் இரைச்சல். அப்புறம் வாடை. வெட்டிய கரும்பின் புளித்த சாறும் சூடேறிய இரும்பும்.

தொலைவில் ஓர் ஊதல்.

நெருங்கியது.

மீட்டரில் எண் நகரவில்லை. அவள் பற்கள் கூசின.

காதோரம் ஒரு பெண் மெல்லக் கேட்டாள். "எதனா ஊதுதாம்மா?"

பூமாலையின் குரல். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் கரும்பு வெட்டப் போனவள். இரண்டு மாதம் முன்பு இதே நாற்காலியில் உட்கார்ந்து, "ரயிலு ஊதுறதுகூட தெரியலம்மா. சில நேரம் என்னாத்தியோ கேக்குது," என்றவள்.

காதுக்குள் சத்தத்தைச் செலுத்தினால், உட்காதின் நுண்மயிர்கள் ஆடி, மெல்லிய எதிரொலியைத் திருப்பி அனுப்பும். கருவி அதைப் பிடிக்கும். பூமாலைக்கு எதிரொலி நன்றாகவே வந்தது. இடைவெளியிலும் நான்கு முறை பொத்தானை அழுத்தினாள். "கருவி பொய் சொல்லாதும்மா," என்று மலர்விழி அவளை அனுப்பிவிட்டாள். 'பதில்கள் நம்பத்தக்கவை அல்ல' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். பதினாறாம் நாள் பூமாலை தண்டவாளத்தைக் கடந்தாள். ரயில் ஊதியும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை என்று செய்தித்தாளில் வந்தது.

காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் சத்தம் சிதறிப்போனாலும் எதிரொலி வரும். காது வேலை செய்கிறதா என்று கருவி சொல்லும். கேட்டதா என்பதை, கேட்கிறவள்தான் சொல்ல வேண்டும். மலர்விழி இதைப் படித்துத் தேறியவள். மேல்சோதனைக்குப் புதுச்சேரிக்கு அனுப்பியிருக்கலாம். அன்று வரிசை நீளமாக இருந்தது.

அவள் வெளியே வந்ததும் மாசிலாமணி முகத்தைப் பார்த்தார். "உனுக்கும் கேட்டுச்சா? அப்ப நான் பொய் சொல்லலியே?"

பொய் இல்லை என்று தலையசைத்தாள். காலி அறையைச் சாத்தினாள். புதிய படிவத்தில் 'பூமாலை' என்று எழுதி, ஒன்றும் அனுப்பாமல் காத்திருந்தாள்.

நாற்காலியில் யாருமில்லை.

விளக்கு எரிந்தது.

'கேட்கவில்லை என்கிறார். உண்மை' என்று எழுதிக் கையெழுத்திட்டாள். பூமாலைக்கு அதனால் இனி ஒரு பயனும் இல்லை. பிறகு மாசிலாமணியை உட்காரவைத்தாள். எத்தனை இடைவெளி விட்டும் விளக்கு எரியவில்லை. சான்றிதழ் கிடைத்தது.

மறுநாள் முதல் ஆளுக்கு மறுபடி ரயில் கேட்டது.

இப்போது வழிமுறை இதுதான். தினமும் முதல் நோயாளிக்கு முன்பு, காலி அறையைச் சாத்திவிட்டு, பூமாலை பெயரில் ஒரு படிவம் எடுக்க வேண்டும். எந்தச் சத்தமும் அனுப்பக் கூடாது. விளக்கு எரியும்வரை காத்திருக்க வேண்டும். எரிந்ததும், 'கேட்கவில்லை என்கிறார். உண்மை' என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும். அன்று மாலைவரை வேறு யாருக்கும் ரயில் கேட்காது.