மூன்று தரம் கூப்பிட வேண்டும்

பிணங்களைக் கிடத்தும் கொட்டகைப் பக்கமிருந்து தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. பனம்பழம் விழுந்ததுபோல. ஆனால் அந்தப் பக்கம் பனைமரமே கிடையாது.

அமலோற்பவம் கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள். செஞ்சியில் காலரா பரவியதும் ஊருக்கு வெளியே போட்ட ஆஸ்பத்திரி அது. டாக்டர் ஊசி போடப் பனமலைக்குப் போயிருந்தார். நோயாளிகளுக்கு இவள்தான் துணை. ராஜகிரி மலையின் நிழல் முற்றத்தைக் கடந்து வாசல்வரை நீண்டுவிட்டது. சண்டைக் காலத்து மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்க அவள் இன்னும் விளக்கேற்றவில்லை. பினாயில் நெடியும் புளித்த கஞ்சியின் வாடையும் சேர்ந்து அடித்தன. படுத்திருந்தவர்கள் கண் திறக்கவில்லை.

மத்தியானம்தான் மங்கை என்ற பெண்ணுக்கு மூச்சு நின்றது. நின்றதாக முடிவு கட்டியதே அமலோற்பவம்தான். நாடியை ஒழுங்காகப் பிடித்துக்கூடப் பார்க்கவில்லை. அந்தப் படுக்கை காலியாவதற்காக அடுத்த நோயாளி வாசலில் காத்திருந்தான். துணியைக் கிழித்து வாயைக் கட்டி, கால் கட்டைவிரல்களைச் சேர்த்து முடிச்சுப் போடப் போனபோது, பெண்ணின் தாய் ரத்தினம்மாள் அவள் கையைப் பிடித்தாள்.

"எங்க ஊட்ல மூணு தரம் பேர் சொல்லிக் கூப்ட்டுட்டுதாம்மா கட்டுவோம். உசுரு பக்கத்துல நின்னா திரும்பிடும். கூப்ட்டுக்கிறேம்மா."

"இன்னா பேச்சு இது? நீ கத்துனா மத்தவங்க பயந்தே செத்துடுவாங்க. போயி வண்டி கொண்டா."

ரத்தினம்மாள் போனதும் முடிச்சைப் போட்டு, மங்கையைக் கொட்டகையில் கிடத்திவிட்டு வந்தாள்.

தன் நைனா செத்தபோது தெருவே கூடும்படி அழுதவள்தான் இவளும். அதை நினைக்க இப்போது உடம்பு கூசியது.

தொப்.

கிட்டத்தில். இரண்டு கால்களையும் சேர்த்தே தூக்கி வைக்கும் சத்தம்.

ஓடிப்போய் அவிழ்த்திருக்கலாம். ஆனால் உயிரோடு இருந்தவளைக் கட்டிப்போட்டாள் என்று ஊரே காறித் துப்புமே. அந்த வெட்கம்தான் முதலில் வந்தது, பயம் அதற்குப் பிறகுதான். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.

தொப்.

தொப்.

கதவுக்கு வெளியே நின்றது. கட்டிய வாய்க்குள் ஒரு முனகல்.

குனிந்தாள். கதவடியில் ஒரு சாண் இடைவெளி. இரண்டு பாதங்கள். நீலம் பாரித்தவை. விரல்களில் எறும்பு ஊர்ந்தது. முடிச்சுப் போட்ட கட்டைவிரல்கள் மட்டும் கதவடியில் நுழைந்து உள்ளே நீட்டிக்கொண்டிருந்தன, அவிழ்த்துவிடு என்பதுபோல.

அவிழ்க்கவில்லை. தாழ்ப்பாளை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

சாலையில் மாட்டுவண்டி வந்து நின்றது. ரத்தினம்மாள் கொட்டகைக்குப் போயிருப்பாள். காலியாகக் கிடந்ததைப் பார்த்திருப்பாள். இப்போது அவளைத் தடுக்க யாருமில்லை.

"மங்கே."

பாதங்கள் அசையவில்லை.

"அடி மங்கே."

முனகல் நின்றது.

"வாடி, மங்கே."

உள்ளே நீண்டிருந்த விரல்கள் பின்வாங்கின. பாதங்கள் இரண்டும் ஒன்றாகத் துள்ளி, குரல் வந்த பக்கம் திரும்பின.