ஐந்தாவது கண்ணாடி

திங்கட்கிழமை காலை நூலகத்துக்கு வந்த காவலாளியின் கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருந்தது. வெள்ளைச் சீருடைப் பையிலிருந்து ஒரு துண்டறிக்கையை எடுத்து நீட்டினார்.

"இதை அப்படியே நம்பிட்டாரு காலேஜ் முதல்வர். அஞ்சு மணிக்குள்ள சாவியை ஒப்படைச்சிட்டுப் போகணுமாம் ஐயா. பதினெட்டு வருஷ வேலை."

நூலகர் அறிக்கையை வாங்கினார். பைண்டர் எட்டிப் பார்த்தார். கிழிந்த புத்தகங்களைத் தைப்பது அவர் பிழைப்பு. நூலகர் துப்பறியக் கிளம்பினால் பின்னாலேயே ஓடுவது அவர் ஆசை.

ஸ்டென்சிலில் தட்டி, மை உருளையில் சுற்றி அச்சடித்தால் உலகம் புரண்டுவிடும் என்று மாணவர்கள் நம்பிய காலம் அது. கல்லூரியில் இரண்டு சங்கங்கள். கொள்கையில் என்ன வித்தியாசம் என்று கேட்டால் தலைவர்களே முழிப்பார்கள். ஒருவன் கிடைத்த மைக்கை விடமாட்டான். அவன் பெயரே மைக். மற்றவன் ஜிப்பாவைத் துவைக்கமாட்டான், அவன் ஜிப்பா. புதன்கிழமை தேர்தல்.

ஞாயிறு பகல் ஒரு மணிக்கு, எல்லாரும் சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தபோது, மைக்கின் சங்க அறை மீது கல் விழுந்திருக்கிறது. வாசலிலிருந்து காவலாளி ஓடிப் போவதற்குள் எறிந்தவன் மாயமாகிவிட்டான். ஒன்றரைக்குச் சாப்பாட்டு மேசைகளில் அறிக்கை கிடந்தது. காவலாளியும் ஒன்றை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். 'ஜிப்பா கும்பலின் கோழைத்தாக்குதல்! கதவோரம் முதல் மூலை வரை ஐந்து கண்ணாடிகளும் நொறுங்கின! காவலாளி குறட்டை விட்டான்!'

நூலகர் அறிக்கையை விட்டுவிட்டு, காவலாளியின் சட்டைப் பையை உற்றுப் பார்த்தார். பளிச்சென்று இருந்தது. சட்டையை மாற்றினாரா என்று கேட்டார். இருப்பதே ஒன்றுதான், நேற்றிலிருந்து துவைக்கவும் இல்லை என்று காவலாளி கூச்சத்தோடு சொன்னார்.

சங்க அறைக்குப் போனார்கள். தரையெங்கும் கண்ணாடிச் சில்லு. நான்கு சட்டங்கள் காலி. மூலைச் சட்டத்தில் மட்டும் புதுப் பலகை, ஒரு கீறல்கூட இல்லாமல். விரிசல் விட்ட கண்ணாடியைச் சனிக்கிழமை சாயங்காலம் கழற்றிவிட்டுப் பலகை அடித்ததாகத் தச்சர் சொன்னார். அப்போது சங்கத்தார் ஒருவரும் இல்லையாம். காலையிலேயே லாரி பிடித்து வெளியூர்க் கூட்டத்துக்குக் கோஷம் போடப் போயிருந்தார்களாம்.

பைண்டருக்குத் தலைகால் புரியவில்லை. நூலகர் நான்கு மணிக்குக் காவலாளியையும் இரண்டு தலைவர்களையும் முதல்வர் அறைக்கு வரவழைத்தார்.

"எத்தனை கண்ணாடிப்பா உடைஞ்சுது?" என்று மைக்கைக் கேட்டார்.

"அஞ்சு."

"நாலு. அஞ்சாவது சனிக்கிழமையே போயிடுச்சு. இல்லாத கண்ணாடியில எப்படிப்பா கல்லு விழும்?"

அவசரத்தில் எண்ணிக்கை தவறிவிட்டது, கல் விழுந்த பிறகுதான் உட்கார்ந்து அடித்தோம் என்று மைக் சமாளித்தான். நூலகர் பைண்டரைத் திரும்பிப் பார்த்தார். பைண்டருக்கு அப்போதுதான் பொறி தட்டியது.

"அந்த மை காய அரை நாள் ஆகும் சார். இங்க அடிக்கிற தாளைத் தைக்கிற என் கையைப் பாருங்க, தொட்டா ஒட்டும். அரை மணியில அடிச்சதா இருந்தா காவலாளியோட வெள்ளைப் பை கறுத்திருக்கணும்."

"அச்சு மெஷின் சாவி யார்கிட்ட இருக்கு?" என்றார் நூலகர். மைக் தன் சட்டைப் பையைக் கையால் பொத்தினான். அனுதாப ஓட்டுக்காக வெள்ளிக்கிழமையே கண்டன அறிக்கையை அடித்து அடுக்கிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கல்லோடு போயிருக்கிறான். பலகையைப் பார்த்திருப்பான். மறுபடி அடிக்கச் சோம்பல். உழைப்பாளி வர்க்கத்துக்காக உயிரைவிடுகிற பிள்ளை ஒரு உழைப்பாளியின் வயிற்றில் அடித்த லட்சணம் இது.

முதல்வர் மைக்கைத் தேர்தலிலிருந்து நீக்கினார். காவலாளி சாவியோடு இருக்கலாம் என்றார்.

வெளியே வந்ததும் ஜிப்பா காவலாளியின் தோளில் கைபோட்டான். நாளைக்கே அறிக்கை வருமாம், தலைப்பு 'காவலாளித் தோழரின் கண்ணீர்'.

காவலாளி அந்தக் கையை மெல்ல எடுத்துவிட்டார்.

"மூணு வருஷமா உனக்குக் கதவு திறக்கிறேன் தம்பி. என் பேரு என்ன, சொல்லு?"

ஜிப்பா நூலகரைப் பார்த்தான், பைண்டரைப் பார்த்தான், கடைசியில் தரையைப் பார்த்தான். காவலாளி சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.