சனிக்கிழமை ரொட்டியும் ஹார்லிக்ஸ் போத்தலும்

ஈப்போ நகரின் புந்தோங் பகுதியில், பலகை வீடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் ஒரு சந்து இருந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தேழாம் ஆண்டில், சனிக்கிழமை சாயங்காலம் அந்தச் சந்துக்குள் நுழைந்தவர்கள் ஒரு வீட்டை மட்டும் மூக்காலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். அதுதான் மங்களத்தின் வீடு.

சனிக்கிழமை இரவில் மட்டும் அவள் வீட்டில் சோறு கிடையாது. ரொட்டிதான். வெள்ளை ரொட்டியைத் துண்டு போட்டு, கரி அடுப்பில் மொறுமொறுவென்று வாட்டி, அதன் தலையில் அன்றைக்கு எது கிடைக்கிறதோ அதை ஏற்றி வைப்பார்கள்.

ரொட்டிக்காரர் தம் மோட்டார் சைக்கிளில் ஊரெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியாக இந்தச் சந்துக்குத்தான் வருவார். "பாம்! பாம்!" என்று அவருடைய ஊதல் கேட்டதும் மங்களம் ஓடுவாள். மிஞ்சிய ரொட்டியை அவர் மலிவாகக் கொடுத்துவிட்டு, "பாத்து வாட்டு பாப்பா, கருக்கிடாதே!" என்று சொல்லிவிட்டுப் போவார்.

"எங்கப்பாவா கருக்குவாரு?" என்று மங்களம் பதில் சொல்வாள்.

அவள் அப்படிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அவளுடைய அப்பா அர்ச்சுனன் முன்பு ஆயர் தாவார் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் வேலை செய்தார். ரப்பர் தகடுகளைப் புகையில் உலர்த்தும் புகைவீட்டில் நெருப்பைக் கவனிப்பதுதான் அவர் வேலை. ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு எண்ணெய் எடுக்கும் செம்பனையை நட்டபோது, குடும்பத்தோடு ஈப்போவுக்கு வந்து பலகை மில்லில் சேர்ந்துகொண்டார். நெருப்பின் குணம் மட்டும் அவருக்கு மறக்கவே இல்லை.

ரொட்டி வாட்டுவதற்கு அவரிடம் ஓர் அருமையான கருவியும் இருந்தது. கெட்டுப்போன மேசை மின்விசிறியின் முன்பக்கக் கம்பிக் கூண்டுதான் அது! அதைத் தேய்த்துக் கழுவி, அடுப்பின் மேல் வைத்து, ரொட்டித் துண்டுகளை வட்டமாக அடுக்குவார்.

ஒவ்வொரு ரொட்டிக்கும் ஒரு பெயர் உண்டு. மார்ஜரின் தடவிச் சீனி தூவினால் பனி ரொட்டி. முட்டையைப் பொரித்து வைத்தால் சூரிய ரொட்டி. மத்தியானத்துப் பருப்பைத் தாளித்துப் பூசினால் தங்க ரொட்டி. டின்னில் வரும் சாடின் மீனை வெங்காயம், மிளகாயோடு குழம்பாக்கி ஊற்றினால், அது சமுத்திர ரொட்டி.

பெயர் வைக்கும் உரிமை அப்பா ஒருவருக்கே. "ஒரு பேரு நானும் வைக்கவா, அப்பா?" என்று மங்களம் பலமுறை கேட்டிருக்கிறாள்.

"சும்மா பேரு வைக்க முடியாதுலா. இதுவரைக்கும் யாரும் செய்யாத ரொட்டியைச் செஞ்சு காட்டு. அப்புறம் வையி."

யாரும் செய்யாத ரொட்டிக்கு எங்கே போவது? மங்களம் யோசித்துக்கொண்டே இருந்தாள்.

அந்த வாரம் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை, "உங்களுக்கு மிகவும் பிடித்த சாப்பாடு எது?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார். ஒருவன் பிரியாணி என்றான். ஒருத்தி கோழிக்கறி என்றாள். மங்களம் எழுந்து நிமிர்ந்து நின்று, "எங்க வீட்டு ரொட்டி, டீச்சர்! சனிக்கிழமை ராத்திரி நாங்க எல்லாருமே ரொட்டிதான் சாப்பிடுவோம்" என்றாள்.

வகுப்பே சிரித்தது.

"ரொட்டி காய்ச்சக்காரங்க சாப்பிடறதுலா!" என்றான் பின் வரிசைப் பிச்சைமுத்து. "வாரா வாரம் உங்க வீட்டுல எல்லாருக்கும் காய்ச்சலா?"

மங்களத்தின் காதுகள் சூடாகின. 'ஒரு தடவை சாப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பேசட்டும்' என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டாள்.

பக்கத்தில் இருந்த புஷ்பராணி மட்டும் சிரிக்கவில்லை. அவளுடைய குடும்பம் இலங்கையிலிருந்து வந்த தமிழ்க் குடும்பம். அப்பா அரசாங்க அலுவலகத்தில் அதிகாரி. புஷ்பராணி கவலையோடு மங்களத்தின் கையைப் பிடித்து, "உன் தம்பியுமா ரொட்டி சாப்பிடுவான்?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஆமா, அவன்தான் நிறைய சாப்பிடுவான்."

"ஐயோ, பாவம்!" என்றாள் புஷ்பராணி.

ஏன் பாவம் என்று மங்களத்துக்கு விளங்கவில்லை.

சனிக்கிழமை வந்தது. அம்மா காளியம்மா சாடின் குழம்பை இறக்கி வைத்தார். தம்பி சீனிக்குக் காரம் ஆகாது. அதனால் அவனுக்கென்று மிளகாய் போடாத குழம்பு ஒரு சின்னக் கிண்ணத்தில் தனியாக இருந்தது. அப்பா பின்கட்டில் அடுப்பை விசிறிக்கொண்டிருந்தார்.

அப்போது சந்தின் முனையில் ஒரு கார் வந்து நின்றது. புஷ்பராணி இறங்கினாள். அவளுடைய அம்மா விமலாதேவி ஒரு கையில் ஆரஞ்சுப் பழப் பையும் மறு கையில் பெரிய ஹார்லிக்ஸ் போத்தலுமாக இறங்கினார். கன்னத்தில் கைக்குட்டையை ஒற்றியபடி அப்பா ஸ்கந்தராஜா இறங்கினார். மூவரும் சத்தம் கேட்காமல் அடிமேல் அடி வைத்து வந்தார்கள்.

"வாங்க, வாங்க!" என்று காளியம்மா பரபரப்போடு வரவேற்றார்.

விமலாதேவி குரலைத் தாழ்த்தி, "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"எது... எதுங்க அக்கா?"

"மறைக்க வேண்டாம். பிள்ளை எல்லாம் சொன்னவள். வாராவாரம் வீடு முழுக்கப் பாண்தான் சாப்பாடாமே." அவர்கள் வீட்டில் ரொட்டியைப் பாண் என்றுதான் சொல்வார்கள். "டாக்டர் என்ன சொன்னவர்? வயிறோ, காய்ச்சலோ?"

அந்த நேரம் பார்த்து அப்பா பின்கட்டிலிருந்து வந்தார். புகை பட்டு அவர் கண்கள் சிவந்திருந்தன. நெற்றியில் வியர்வை வழிந்தது. கையில் மின்விசிறிக் கூண்டு.

"ஐயோ!" என்றார் விமலாதேவி. "கண்ணெல்லாம் இப்படிச் சிவந்திருக்கு! நீங்கள் எழும்பி நடக்கலாமோ? போய்ப் படுங்கோ!"

"நான் ஏம்மா படுக்கணும்? அப்புறம் ரொட்டியை யாரு வாட்டுறதுலா!" என்றார் அப்பா.

மங்களத்துக்கு இப்போதுதான் எல்லாம் விளங்கியது. "எங்க வீட்டுல யாருக்கும் ஒண்ணும் இல்லைங்க. ரொட்டி எங்களுக்குப் பிடிக்கும். அதனாலதான் சாப்பிடுறோம்" என்றாள்.

விமலாதேவி ஹார்லிக்ஸ் போத்தலை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானைக்குப் பின்னால் ஒளித்தார். அது ஒளிகிற அளவா? அப்பா மின்விசிறிக் கூண்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். அதுவும் ஒளியவில்லை.

அம்மா மங்களத்தைச் சமையலறைக்கு இழுத்துப் போனார். "வந்தவங்களுக்கு எப்படிடி வெறும் ரொட்டியைக் கொடுக்கிறது? பக்கத்து வீட்டு மாரியம்மா அக்காகிட்ட அரிசி வாங்கிட்டு வாரேன். நீ உக்கார வச்சுப் பேசிட்டிரு."

மங்களம் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்றைக்கு ரொட்டியை ஒளித்துவிட்டுச் சோறு போட்டால், வகுப்பில் சிரித்தவர்கள் சிரித்தது சரி என்று ஆகிவிடும். அப்பா கூண்டை ஒளித்ததையும் அவளால் பொறுக்க முடியவில்லை. இதுவரை அவர் அதை யாரிடமும் ஒளித்ததே இல்லை.

"வெறும் ரொட்டி இல்லம்மா. சமுத்திர ரொட்டி" என்றாள். பிறகு வெளியே போய், "மாமா, அத்தை, எங்க கூட சாப்பிட்டுட்டுப் போங்க. சாடின் சாப்பிடுவீங்கதானே?" என்று கேட்டாள்.

"எனக்கு நல்ல விருப்பம்!" என்று புஷ்பராணி குதித்தாள்.

அப்பாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து கூண்டு வெளியே வந்தது.

எல்லாரும் பாயில் வட்டமாக அமர்ந்தார்கள். சூடான ரொட்டி பொன்னிறத்தில் வந்தது. சிவந்த குழம்பு அதன்மேல் ஏறியது. புஷ்பராணி ஒரு கடி கடித்தாள். "கறுக்!" என்ற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. அவள் கண்கள் விரிந்தன. விமலாதேவி முதலில் மரியாதைக்கு ஒரு விள்ளல் எடுத்தார். அடுத்தடுத்த விள்ளல்களை ஆசைக்கே எடுத்தார்.

ஸ்கந்தராஜா மட்டும் சாப்பிடவில்லை. ரொட்டியைத் தட்டின் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கத்துக்கு நகர்த்தினார். அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கத்துக்கு நகர்த்தினார். "நல்லது, மிக நல்லது" என்று மட்டும் வாயைத் திறக்காமலேயே சொன்னார்.

அப்பாவின் முகம் மெல்ல வாடியது. "ஐயாவுக்குப் பிடிக்கல போல" என்று அம்மாவிடம் முணுமுணுத்தார்.

மங்களம் ஸ்கந்தராஜாவையே கவனித்தாள். அவர் ஓரத்துக் குழம்பை விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்தார். கண்களை மூடி ரசித்தார். மறுகணம் "ஸ்ஸ்" என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். காரிலிருந்து இறங்கும்போதும் அந்தக் கைக்குட்டை அதே கன்னத்தில்தான் இருந்தது.

'பிடிக்காமல் இல்லை. பல்!' என்று மங்களம் புரிந்துகொண்டாள்.

ஆனால் அதை எப்படிச் சொல்வது? நோயாளியைப் பார்க்க வந்தவரே நோயாளி என்றால், அந்த மனிதருக்கு எவ்வளவு கூச்சமாக இருக்கும்! அவருக்கு மட்டும் தனியாக வேறு எதையாவது கொடுத்தாலும் எல்லாரும் அவரையே பார்ப்பார்கள்.

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். "சீனி, இங்க வா" என்று தம்பியைக் கூப்பிட்டாள். "உன் காரமில்லாத குழம்பைக் கொடுக்கிறியா?"

"எதுக்கு?"

"ஒரு மாமாவுக்கு உதவி."

சீனி யோசித்தான். "ஆரஞ்சுல ரெண்டு எனக்கு."

"சரி, எடுத்துக்க. இப்ப பேசாம இரு."

சட்டியில் இருந்த குழம்பில் வெந்நீரும் உப்பும் சேர்த்துக் கொதிக்க விட்டாள். கிண்ணத்துக் குழம்பையும் அப்படியே தனியாகச் சூடாக்கினாள். வாட்டிய ரொட்டியின் ஓரங்களைச் சீவினாள். கிண்ணங்களில் அடுக்கி, மேலே குழம்பைத் தாராளமாக ஊற்றினாள். மிளகாயில்லாத கிண்ணம் எது என்று மனத்தில் குறித்துக்கொண்டாள்.

"இது இன்னைக்கு விசேஷம்!" என்று சொல்லிக்கொண்டே எல்லாருக்கும் ஆளுக்கொரு கிண்ணம் கொடுத்தாள். குறித்து வைத்த கிண்ணம் ஸ்கந்தராஜாவிடம் போனது.

அப்பா தம் கிண்ணத்தை உற்றுப் பார்த்தார். "என்னாலா இது? மொறுமொறுன்னு வாட்டினதை நனைச்சிட்டே!"

"அவசரப்படாதீங்க, அப்பா. நனையிற வரைக்கும் காத்திருந்து கரண்டியால சாப்பிடணும். இதுக்குப் பேரு மழை ரொட்டி."

ஸ்கந்தராஜா ஒரு கரண்டி எடுத்தார். புகை மணத்தோடு ரொட்டி வாயில் தானாகவே கரைந்தது. இன்னொரு கரண்டி. இன்னும் ஒன்று. கைக்குட்டை கன்னத்திலிருந்து மடிக்கு இறங்கியது. கிண்ணம் காலியானதும் அவர் அதைத் தயக்கத்தோடு நீட்டினார். "இன்னும் கொஞ்சம் மழை கிடைக்குமோ?"

பிறகு அவரே சிரித்துவிட்டார். "உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நேற்றுத்தான் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினவங்கள். நேற்றிலிருந்து வெறும் கஞ்சிதான். வாய்க்கு ருசியாக இப்பதான் சாப்பிடுறன். பிள்ளை, உனக்கு எப்படித் தெரிஞ்சது?"

மங்களம் பதில் சொல்வதற்குள் சீனி முந்திக்கொண்டான். "அப்ப ஹார்லிக்ஸ் மாமாவுக்குத்தானே?"

விமலாதேவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அம்மா வெந்நீர் வைத்தார். நோயாளிக்கென்று வந்த ஹார்லிக்ஸில் ஒரு குவளையை, நோயாளியைப் பார்க்க வந்த ஸ்கந்தராஜாவே குடித்து முடித்தார்.

விடைபெறும்போது ஸ்கந்தராஜா மின்விசிறிக் கூண்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எந்தக் கடையில் வாங்கலாம்?"

"கடையில கிடைக்காதுங்க ஐயா," என்றார் அப்பா, நெஞ்சை நிமிர்த்தி. "நல்ல காத்தாடி ஒண்ணு கெட்டுப்போகணும்."

கார் போன பிறகு அவர் மங்களத்தின் பக்கம் திரும்பினார். "மழை ரொட்டி. நான் யோசிச்சிருந்தாலும் இப்படி ஒரு பேரு வந்திருக்காதுலா!" என்றார். அதைவிடப் பெரிய பரிசு எதுவும் அன்றைக்கு அவளுக்குத் தேவைப்படவில்லை.

திங்கட்கிழமை காலையில் புஷ்பராணி ஓடி வந்தாள். "எங்கட காத்தாடி நல்லாத்தான் சுத்துது. எப்ப கெட்டுப்போகும் எண்டு அப்பா அதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்!"

இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிச்சைமுத்து திரும்பிப் பார்த்தான். "என்னா, உங்க வீட்டுல இன்னும் காய்ச்சல் போகலையா?"

மங்களம் வாயைத் திறப்பதற்குள் புஷ்பராணி அவன் முன்னால் போய் நின்றாள். கரியில் வாட்டிய ரொட்டியின் மணத்தையும், குழம்பு அதில் ஊறுவதையும், அது கரண்டியில் குலுங்குவதையும் கையை ஆட்டி ஆட்டி விவரித்தாள். பிச்சைமுத்து ஒருமுறை எச்சில் விழுங்கினான். இன்னொரு முறையும் விழுங்கினான்.

"மங்களம்," என்றான் கடைசியில், காலால் தரையைத் தேய்த்தபடி. "உங்க வீட்டுக்கு... சனிக்கிழமை எப்ப வரணும்?"

"ரொட்டிக்காரர் ஊதல் கேக்கும்போது வந்துடு," என்றாள் மங்களம். "என்ன ரொட்டின்னு அப்ப நான் பேரு சொல்றேன்."